அம்மிப் பூண்டுச் சட்னி ஏன் கசக்கிறது?

கேள்வி: வரமிளகாய், பச்சைப் பூண்டு, புளி வைத்து இட்லிக்கு அம்மியில் காரச் சட்னி அரைக்கிறேன். மிளகாய் தோல் தோலாக நிற்கிறது, பின்நாக்கில் கசக்கிறது. மறுநாள் நீலப்பச்சைப் புள்ளிகள் வேறு. எண்ணெய் ஊற்றி வெளியில் வைத்தால் ஒரு வாரம் தாங்குமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: தோல் நிற்பதற்குக் காரணம் ஊறல் போதாததுதான். நாலு பேருக்கு 15 குண்டு மிளகாய், 20 பல் நாட்டுப்பூண்டு, கோலிக்குண்டு அளவு புளி, 1 டீஸ்பூன் கல் உப்பு சரியாக இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். அதற்குத் தடித்த தோல். காம்பைக் கிள்ளி, விதையை உதறி, வெந்நீரில் அரை மணி நேரம் முழுசாக ஊறட்டும். புளியையும் அதிலேயே போடலாம்.

அம்மியில் வரிசை மாறக் கூடாது. முதலில் மிளகாயும் கல் உப்பும் மட்டும். உப்புப் பரல்தான் தோலைக் கிழிக்கும். தூள் உப்பில் அந்த வேலை நடக்காது. ஊறிய தண்ணீரை விரலால் தெளியுங்கள், ஊற்றாதீர்கள். தண்ணீர் மிஞ்சினால் மிளகாய் குழவிக்கடியில் வழுக்கிக்கொண்டே போகும், எவ்வளவு இழுத்தாலும் அரைபடாது. விழுதை இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். தோல் தட்டுப்படவில்லை என்றால் புளியைச் சேருங்கள். பூண்டு கடைசியில்தான்: நசுக்கிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, ஒன்றிரண்டாக நின்றால் போதும். பூண்டு நசுங்கும்போதுதான் அந்த மணமே பிறக்கிறது. முதலிலேயே போட்டு அரைத்தால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

கசப்புக்கு, பூண்டுப் பல்லை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளிவிடுங்கள். மிளகாயை வறுத்துப் போடுகிறவர் என்றால், கறுத்தது ஒன்றே மொத்தத்தையும் கெடுக்கும். நறநறப்பும் இருக்கிறதா? அம்மி புதிதாகக் கொத்தியதாக இருக்கும். ஊறிய அரிசியை இரண்டு மூன்று தடவை அரைத்துக் கொட்டிக் கழுவுங்கள்.

நீலப்பச்சைக்குப் பயப்பட வேண்டாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பு பட்டால் சில நேரம் அப்படி நிறம் மாறும். பஞ்சுபோலப் பூத்திருந்தால் மட்டும் அது பூஞ்சணம், கொட்டிவிடுங்கள்.

வெளியில் வைக்கவே வைக்காதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டுக்குக் காற்றுப் படாது. அங்கேதான் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். மணத்திலோ ருசியிலோ தெரியாது. வதக்கினாலும் அதன் வித்துகள் சாகா. அரைத்ததும் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நல்லெண்ணெயைத் தட்டில் சட்னிக்கு நடுவே குழி பண்ணி அப்போதைக்கப்போது ஊற்றிக்கொண்டால் போதும்.