தோசை இருக்கு, தேடினா கிடைக்கல: கணினி கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பினாங்கு இந்தியச் சாப்பாட்டுக் கடைங்கள தேடுற ஆப் செய்றோம். லிட்டல் இந்தியா, பட்டர்வொர்த், பிறைன்னு மோட்டார்ல சுத்தி 600 கடை விவரம் எடுத்தாச்சு. கூடவே நெட்ல இருந்தும் ரிசல்ட் காட்டணும். சீனியர் குடுத்த கோட்ல பிங் ஏபிஐ (நம்ம ஆப்ல இருந்து பிங் தேடல கூப்பிடுற வழி) இருக்கு, ஓட மாட்டேங்குது. வேற எது எடுக்கலாம்? கையில காசு இல்ல.
— மாணவர், ஜார்ஜ் டவுன்

பதில்: அது இனிமே ஓடாது தம்பி, 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதியோட மைக்ரோசாஃப்ட் பிங் சர்ச் ஏபிஐய மூடிட்டாங்க. எனக்கு இது பழகிப்போச்சு, யாஹூவோட தேடல் ஏபிஐ, பாஸ்னு ஒண்ணு, 2008ல தடபுடலா வந்துச்சு, 2016ல அதுக்கும் பூட்டு. அதனால எத எடுத்தாலும் ஏபிஐ கூப்பிடுற கோட தனி ஃபைல்ல வைங்க, நாளைக்கு அந்த ஏபிஐய மூடினா அந்த ஒரு ஃபைல மட்டும் மாத்தினா போதும்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், 600 கடைய தேட உலகத்தையே தேடுற ஏபிஐ எதுக்கு? உங்க டேட்டாவ போஸ்ட்கிரெஸ்ங்கிற இலவச டேட்டாபேஸ்ல போடுங்க, 12ஆம் வெர்ஷன்லேருந்து தமிழ் ஸ்டெம்மரும் அதுலயே இருக்கு, வேர்ச்சொல்ல வச்சு தேடும், பைசா செலவில்ல. நம்ம ஆளுங்க மாட்டுறது வேற எடத்துல. 'தோசை'ல வர்ற அந்த 'ோ' யூனிகோட்ல ஒரே குறியீடாவும் வரலாம், 'ே'யும் 'ா'வும் சேர்ந்த ரெண்டு குறியீடாவும் வரலாம். கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேற வேற சொல்லு, கடை இருந்தும் ரிசல்ட் சைபர்னு வந்து நிக்கும். சேமிக்கும்போதும் தேடும்போதும் ரெண்டு பக்கமும் என்எஃப்சி நார்மலைஸ் பண்ணிடுங்க, ரெண்டு விதமா வந்ததும் ஒரே குறியீடா மாறிடும்.

நெட் ரிசல்ட்டுக்கு நான் ரொம்ப நாளா வச்சிருந்தது கூகுள் கஸ்டம் சர்ச். ஒரு நாளைக்கு 100 தேடல் ஃப்ரீ, அதுக்கு மேல ஆயிரத்துக்கு 5 டாலர், ஒரு தடவைக்கு பத்து ரிசல்ட்தான். புது ஆளுங்களுக்கு இன்னும் குடுக்குறாங்களான்னு மொதல்ல பாத்துக்குங்க. இல்லன்னா பிரேவ் தேடல் ஏபிஐ, அவங்க இண்டெக்ஸ் (இணையப் பக்கங்களோட பட்டியல்) சொந்தமா கட்டினது, தமிழ் எப்படி வருதுன்னு உங்க கடைப் பேருல இருபத போட்டு நீங்களே பாருங்க. டக்டக்கோவோட இன்ஸ்டன்ட் ஆன்சர் ஏபிஐ வேணாம், அது முழு ரிசல்ட் லிஸ்ட் தராது.

கூகுள் தர்ற அந்த ஃப்ரீ 100 தேடல் எவ்வளவு சீக்கிரம் தீரும்னு நினைக்கிறீங்க? நான் ஒருதரம் ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் ஏபிஐக்கு ஒரு தேடல் போற மாதிரி எழுதித் தொலைச்சேன், 'தண்ணீர்மலை'ன்னு ஒருத்தர் அடிச்சா பத்து தேடல் போகுது, தே தாரிக் ஆறுறதுக்குள்ள நூறும் காலி, எதிர்ல கஸ்டமர் உக்காந்திருக்காரு. தட்டி முடிச்சு அரை செகண்ட் கழிச்சு அனுப்புங்க, வந்த ரிசல்ட்ட ஒரு நாளாவது சேத்து வைங்க.

கேள்வி: ஏபிஐயே வேணாம், கூகுள் பக்கத்த ஸ்கிரேப் பண்ணா, அதாவது புரோகிராம் வச்சு அந்தப் பக்கத்துல இருந்தே ரிசல்ட்ட உருவினா என்ன?
— வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எந்தப் பக்கத்துக்கு புரோகிராம் வரலாம், வரக்கூடாதுன்னு சொல்ற ரோபோட்ஸ் ஃபைல்லயே, தேடல் பக்கத்துக்கு வராதன்னு கூகுள் எழுதி வச்சிருக்கான் லா. அதையும் மீறிப் போனா கேப்ட்சா வரும், பக்கத்தோட அமைப்பு மாறினா உங்க கோட் படுத்துக்கும், அதுவும் கரெக்டா ப்ரெசன்டேஷன் அன்னைக்கு.