செம்மண் பள்ளத்தில் ரேடார்

அன்புள்ள ஐயா,

ஸ்லோவேனியாவின் கிராஸ் பீடபூமியில் முதுகலை ஆய்வு செய்கிறேன். நிலத்தடிக் குகைகளைத் தேடி, முட்புதர்களுக்கு நடுவே நிலம் ஊடுருவும் ரேடாரைத் தனியாக இழுத்துக்கொண்டு திரிகிறேன். பாறை தெரியும் இடங்களில் பதிவு நன்றாக இருக்கிறது. செம்மண் பள்ளங்களில் கொஞ்ச ஆழத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அங்கே ‘குகை இல்லை’ என்று குறிக்கலாமா? எந்த அலைவரிசை ஆன்டெனா சிறந்தது? இனிக் கயிறு கட்டிக் குகைக்குள் இறங்குவது வீண்வேலை என்கிறார் நண்பர். சரியா?

ம.

அன்புள்ள ம.,

கைகால்களில் முள் கீறியதற்கு மருந்து போடுங்கள், முதலில் அது. ஆன்டெனா விஷயம் சின்னது: குறைந்த அலைவரிசை ஆழமாகப் போகும், மங்கலாகக் காட்டும், கூடியது நேர்மாறு. கையில் கிடைப்பதை வைத்துத் தொடங்குங்கள்.

குகை இல்லை என்று குறிக்கக் கூடவே கூடாது. எனக்குக் கோபமே வந்தது. ரேடார் காட்டாததை இல்லையென்று எழுதி, அதையே பாதுகாப்பான நிலத்துக்குச் சான்றாக நீட்டும் வழக்கத்தைப் பற்றிச் சில நாட்களாகவே மனம் நொந்துகொண்டிருந்தேன். நீங்களுமா?

செம்மண்ணில் களிமண் அதிகம். களிமண் மின்சாரத்தைக் கடத்தும். அலை அதிலேயே தீர்ந்துபோகும். ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புப் பாறை கரைந்த இடத்தில்தான் கரையாத மண் மிஞ்சுகிறது, மழைநீரும் அங்கேதான் இறங்குகிறது. ஆக, நீங்கள் தேட வேண்டிய இடத்தில்தான் கருவிக்குக் கண் அவிகிறது. கூரை தேய்ந்து மண் நிரம்பிய பழங்குகைகள் அந்தப் பீடபூமியில் ஏராளம். நெடுஞ்சாலை போட்டபோது நூற்றுக்கணக்கான குகைகள் வெளிப்பட்டன. மண் நிரம்பிய குகையின் குறுக்கே ரேடாரை இழுத்தால், தெளிவான பாறைக்கு நடுவே அலை சட்டென்று அடங்கும் ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டையைத்தான் குகை இல்லை என்று குறிக்கப் போகிறீர்களா? நிலத்தின் மின்தடையை அளந்து பாருங்கள், முடிந்தால் துளை போட்டுப் பாருங்கள்.

தெரிவதையும் அப்படியே நம்பாதீர்கள். குழிக்கு நேர் மேலே வருமுன்பே அதன் எதிரொலி கிடைத்துவிடுவதால் பதிவில் கவிழ்ந்த வளைவு விழும். அலை பக்கவாட்டில் கசியாமல் தடுக்கும் உறையில்லாத ஆன்டெனா என்றால் பக்கத்து மரமும் அதே வளைவைப் போடும். வளைவின் விரிவிலிருந்து அலையின் வேகத்தைக் கணக்கிடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் அது நானோ நொடிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். 30 வந்தால் அலை காற்றில் போய்த் திரும்பியிருக்கிறது. நீங்கள் பிடித்தது மரம்.

நண்பரிடம் லிண்ட்னரைப் பற்றிச் சொல்லுங்கள். ரேக்கா ஆறு அந்தப் பீடபூமியின் ஸ்கோசியான் குகையில் மண்ணுக்குள் புகுந்து, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் தீமாவோவாக வெளிவருகிறது. ட்ரியெஸ்ட் நகருக்குக் குடிநீர் தேடிய லிண்ட்னர், வெள்ளக் காலத்தில் பாறை வெடிப்புகளிலிருந்து காற்று சீறுவதைக் கவனித்து அங்கே தோண்டவைத்தார். 1841இல் 329 மீட்டர் ஆழத்தில் ஆறு கிடைத்தது. உங்கள் ரேடார் நல்ல பாறையிலும் சில பத்து மீட்டர்தான் எட்டும்.

ஸ்கோசியான் குகைப் பாலத்தில் நானும் நின்றிருக்கிறேன். சுமார் 45 மீட்டர் கீழே ஆறு இரைகிறது. பக்கச் சுவரில் 19ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் வெட்டிய படிகள். பலவற்றில் முழுப் பாதம் வைக்க இடமில்லை. விளக்கொளியில் அந்தச் சுவரோடு ஒட்டி நகர்ந்தவர்களின் வேலையை வீண் என்று சொல்ல நண்பருக்கு எப்படி வாய் வந்தது?

வரைபடத்தில் அந்தப் பள்ளங்களுக்குத் தனி நிறம் கொடுத்து ‘ரேடார் எட்டவில்லை’ என்று எழுதுங்கள். ஆய்வு வழிகாட்டி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அன்புடன்.