ஜெப அட்டையில் டிக் அடிக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் இந்த வருடம் எல்லாருக்கும் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஜெபித்து, அந்த நாளுக்கு டிக் அடித்து, மாதக் கடைசியில் போதகரிடம் கொடுக்க வேண்டும். "ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக்கூடாதா என்று, பிடிபடுவதற்குமுன் கெத்செமனே தோட்டத்தில் ஜெபித்த ராத்திரியில், தூங்கிவிட்ட சீஷர்களிடம் ஆண்டவரே கேட்டாரே" என்கிறார் போதகர். எனக்குப் பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கிறேன், சில நாள் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். நடுவில் மனைவி கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன். என் விசுவாசத்தில் குறையா?
(பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

பதில்: சகோதரரே, உங்கள் விசுவாசத்தை அளக்க என்னிடம் கோல் இல்லை. அட்டையில் குறை இருக்கிறது, அது மட்டும் நன்றாகத் தெரிகிறது. ஜெபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று சொன்னவர் இயேசு (மத்தேயு 6:6). நாம் கதவையும் பூட்டிக்கொண்டு, உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று மாதக் கடைசியில் கணக்கும் கொடுக்கிறோம். பார்க்க வேண்டிய பிதா பார்த்துவிட்டார் என்றால் அட்டை யாருக்கு? தூங்கிப்போன நாட்களுக்கும் டிக் அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சபையில் அப்படி அடிக்கிற கை ஒன்றாவது இருக்கும். ஜெபத்தை வளர்க்க வந்த அட்டை பொய்யை வளர்த்திருக்கும், அவ்வளவுதான்.

போதகர் சொன்ன வசனத்துக்கு வருவோம். மத்தேயு 26-ஐ எடுத்து, அந்த ஒரு வரியோடு நிறுத்தாமல் நாலு வசனம் தள்ளியும் படித்துப் பாருங்கள். "ஒரு மணி நேரமாவது" என்று கேட்டவர் அடுத்த மூச்சிலேயே ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று சீஷர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். இரண்டாம் தடவை வந்து பார்க்கும்போதும் அவர்கள் தூக்கம்தான். அப்போது அவர் ஒன்றும் சொன்னதாக மத்தேயு எழுதவில்லை, அவர்களை விட்டு மறுபடி ஜெபிக்கப் போய்விடுகிறார். போய் என்ன ஜெபித்தார்? 44-ஆம் வசனம்: மூன்றாம் தடவையும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார். வியர்வை இரத்தத் துளிகளாக விழுந்ததென்று லூக்கா எழுதுகிற அந்த ராத்திரியில், தேவகுமாரனே புது வார்த்தை தேடவில்லை. இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும், ஆனாலும் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்பதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். பத்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது என்று நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அப்படியானால் வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று அவரே மலைப்பிரசங்கத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்று யாராவது மடக்குவீர்கள். அங்கே அவர் கண்டித்தது, நிறையப் பேசினால் தேவன் கேட்டே ஆக வேண்டும் என்ற நினைப்பை. ஆயிரம் ஸ்தோத்திர பலியை எண்ணிக்கை தவறாமல் முடித்துவிட்டு, முடித்தேன் என்ற திருப்தியில் எழுந்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். (ஸ்தோத்திரம் சொல்வதற்கு நான் விரோதி இல்லை. கடிதம் எழுதிச் சண்டைக்கு வராதீர்கள்.)

வேதத்தில் தேவன் கேட்ட ஜெபங்களில் பல ஒரு மூச்சுக்குள் முடிகிறவைதான். தண்ணீரில் அமிழ்ந்த பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றதோடு சரி. ஆலயத்தில் ஆயக்காரன் சொன்னதும் "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரி. கர்மேல் மலையில் காலையிலிருந்து கத்தினவர்கள் பாகாலின் தீர்க்கதரிசிகள், எலியாவின் ஜெபம் இரண்டே வசனம்.

இதை வைத்து "ஆசிரியரே சொல்லிவிட்டார், பத்து நிமிடம் போதும்" என்று கிளம்பிவிட வேண்டாம். பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவைப் பாருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார், அவர் பதில் சொல்வதற்கு முன்னால் அந்த இடைவெளியிலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறார். நின்ற நிலையில், மனதுக்குள். அது அவரால் எப்படி முடிந்தது? முந்தின அதிகாரத்தில் கிஸ்லேவ் மாதத்தில் அழுது உபவாசித்து ஜெபிக்கத் தொடங்கியவர் அவர். ராஜாவுக்கு முன் நின்றது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம் இருக்கிறது. இயேசுவும் ராமுழுதும் ஜெபித்தவர்தான், மறுநாள் பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. பாரம் இருந்தது, நேரம் நீண்டது. நேரத்தை முதலில் குறித்துவிட்டு உள்ளே போட்டு நிரப்ப எதையாவது தேடுவது தலைகீழான வேலை.

சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்வது? இதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொன்னவர் மார்ட்டின் லூத்தர். 1530-இல் கோபுர்க் கோட்டையில் அவரோடு இருந்த வெயிட் டீட்ரிக், லூத்தர் தினமும் மூன்று மணி நேரமாவது, அதுவும் படிக்க வசதியான நல்ல நேரத்தை, ஜெபத்துக்குக் கொடுக்கிறார் என்று லூத்தரின் நண்பர் மெலாங்க்தனுக்கு எழுதினார். இதை மட்டும் பிரசங்கத்தில் சொல்லி நம்மை மிரட்டுவார்கள். அதே லூத்தரிடம் அவருக்கு முடிவெட்டும் பேட்டர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டபோது, 1535-இல் அவருக்காக ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்தார். அதில் மூன்று மணி நேரம் உட்கார் என்று இல்லை. நல்ல ஜெபம் நீளமாக இழுக்க வேண்டியதில்லை, அடிக்கடி, அனலோடு இருந்தால் போதும் என்கிறார். கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு விண்ணப்பமாக எடுத்து அதிலே நின்று ஜெபி, பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று பார் என்கிறார். சவரம் செய்கிறவன் கவனம் கத்தியில் இல்லாமல் அரட்டையில் இருந்தால் வந்தவரின் மூக்கோ தொண்டையோ போகும், ஜெபிக்கும்போது உன் மனதும் அப்படி ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அவருடைய தொழிலை வைத்தே சொல்கிறார்.

நீங்களும் அப்படித் தொடங்குங்கள். சொந்த வார்த்தை வராத நாளில் சங்கீதத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம். மனம் கசந்த நாளில் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஐ எடுங்கள். நேரம் மட்டும் மாறாமல் இருக்கட்டும். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான் என்றுதான் இருக்கிறது, எத்தனை நிமிடம் என்று இல்லை. காலையில் கண் சொக்கினால் சாயங்காலம் நடந்துகொண்டே ஜெபியுங்கள், முழங்கால்தான் வேண்டும் என்று சட்டமில்லை.

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, மனைவி கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன் என்று. எனக்கு உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வியாகப் பட்டது அதுதான். நீங்கள் கதவைப் பூட்டியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இட்லி ஊற்றுவது யார், பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்குக் கிளப்புவது யார்? எல்லாருக்கும் அட்டை என்றால் அந்த அம்மாவிடமும் ஒன்று இருக்குமே, அவர் எப்போது டிக் அடிக்கிறார்? 1 பேதுரு 3:7-ஐப் படியுங்கள். புருஷர்கள் மனைவிக்குச் செலுத்த வேண்டிய கனத்தைச் செலுத்தட்டும், "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்று எழுதுகிறார் பேதுரு, அவரும் மனைவி உள்ளவர்தான். ஜெபத்துக்குத் தடை தூக்கம் என்றோ வார்த்தைப் பஞ்சம் என்றோ அவர் அங்கே சொல்லவில்லை. இந்த வாரம் பாதி நேரத்தை அவருக்கு விட்டுக்கொடுங்கள். அவர் ஜெபிக்கட்டும், அடுப்படியை நீங்கள் பாருங்கள்.

அட்டையை டிக் எதுவும் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். போதகர் காரணம் கேட்டால் மரியாதையாக இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருக்கு மறுப்பு இருந்தால் எழுதி அனுப்பட்டும், அடுத்த இதழில் அப்படியே போடுகிறோம்.