சுவரில் தொங்கும் சான்றும் இரவுப் பணியாளரும்

முதியோர் இல்லங்கள், குழந்தைகள் காப்பகங்கள், விடுதிகள் ஆகியவற்றின் மீதான அரசுக் கண்காணிப்பைப் பற்றிக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் விடை அளிக்கப்படுகிறது.

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பல்லடத்திலும் சிவகிரியிலும் தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்கள் கொல்லப்பட்ட பிறகு, எங்கள் தோட்டத்தில் தனியாக இருந்த அம்மாவை அங்கேயே விட்டுவைக்க மனம் ஒப்பாமல் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். வரவேற்பறையில் பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அங்கு வேலை செய்பவர்களை அரசு விசாரித்துத்தான் அனுமதித்திருக்கிறது என்று நான் நம்பலாமா?
– வாசகர், காங்கயம்

அந்தச் சான்றை மட்டும் வைத்து அப்படி நம்ப வேண்டாம். பதிவு என்பது பெரும்பாலும் நிறுவனத்தையும் கட்டடத்தையும் பற்றியது. அறக்கட்டளைப் பத்திரம், வரவு செலவுக் கணக்கு, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று, சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனித் துறை பார்க்கிறது. இவை அனைத்தும் தேவையானவைதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் தாயாரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் யார், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், அங்கிருந்து ஏன் விலகினார் என்பதற்கு இவற்றில் எதிலும் விடை இராது.

முதியோர் நலனுக்கென்றே நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டினது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2009இல் வந்தன. மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், ஆதரவற்ற முதியோர் 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தனியார் இல்லங்களில் பணிபுரிவோரின் முன்வரலாற்றைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. இந்தக் குறையை ஓரளவு நிரப்பியிருக்கக்கூடிய திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. முதியோர் இல்லங்களும், வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பராமரிக்கும் நிறுவனங்களும் பதிவு பெற வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கப்பட வேண்டும் என்பன அதில் இருந்தன. அந்த மக்களவையின் காலம் முடியும்வரை அது நிறைவேறவில்லை.

ஆகவே விசாரிக்க வேண்டிய பொறுப்பில் ஒரு பகுதி உங்கள் தலையில்தான் விழுகிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நிர்வாகியிடம் பணியாளர் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓர் ஆதார் நகல், அதன் மூலையில் குத்திய பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், பேனாவால் எழுதிய கைபேசி எண் ஆகியவற்றைக் காட்டி, ‘எல்லாம் வெரிஃபை பண்ணியாச்சுங்க’ என்பார்கள். ஆதார் ஒருவர் யார் என்பதைக் காட்டுமே தவிர, அவர் மீது வழக்கு உண்டா என்பதைக் காட்டாது. அதற்குக் காவல்துறையின் சரிபார்ப்புச் சான்று தனியாக வேண்டும். அந்தச் சான்றிலுள்ள பெயர்களை இரவுப் பணிப் பட்டியலிலுள்ள பெயர்களோடு ஒப்பிடுங்கள். பகலில் வரவேற்பறையில் இருப்பவர்களுக்கெல்லாம் சான்று இருக்கும். இரவில் வருபவர் ஏஜென்சி அனுப்பியவராகவோ, விடுப்பில் போனவருக்கு மாற்றாக வந்தவராகவோ இருந்தால் கோப்பில் அவர் பெயரே இருக்காது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு மேல் போய் அம்மாவைப் பார்த்து வாருங்கள். அதற்கு இல்லத்தார் எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்பதிலிருந்தே பாதி விவரம் தெரிந்துவிடும்.

நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். மூன்று வயதுப் பையனைக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறோம். அங்கே புதிதாக வந்திருக்கும் ஆயா ஒடிசாவைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி விசாரிக்கும்படி கம்பெனியைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
– வாசகி, திருப்பூர்

உண்டு, தயங்காமல் கேளுங்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதற்கு மாற்றாக நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் காப்பகக் கடமை தொடர்கிறது. ஆகவே இது முதலாளி உங்களுக்குச் செய்யும் தயவு அன்று. விசாரணையைப் பொறுத்தவரை, முதியோருக்கு இல்லாத தெளிவு குழந்தைகளுக்கு இருக்கிறது. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விதிகளின்படி, குழந்தைகளைத் தங்கவைக்கும் அல்லது குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும், நிரந்தரப் பணியாளரானாலும் ஒப்பந்தப் பணியாளரானாலும், குழந்தைகளோடு தொடர்பில் வரும் ஒவ்வொருவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். பள்ளிகளோடு குழந்தைகள் காப்பகங்களையும் அவ்விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேலைக்குச் சேர்க்கும்போது ஒருமுறை பார்த்தால் போதாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நடைமுறையில் பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வேலைக்கு வருபவர், வீட்டுப் பணியாளர், வாடகைதாரர் ஆகியோருக்கான சரிபார்ப்புக்குக் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். ஆனால் வேற்று மாநிலத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆனவருக்கு இங்கே எடுத்த சான்று அநேகமாக வெறுமையாகத்தான் இருக்கும். அவருடைய சொந்த மாவட்டக் காவல்துறையிடமிருந்தும் சான்று பெறுவதே பொருளுள்ள விசாரணை. பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018இல் தொடங்கப்பட்டது என்றாலும், அதைக் காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். நீங்களோ கம்பெனியோ பார்க்க முடியாது.

இடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் ‘ஒடிசா’ என்ற சொல்லே ஐயத்துக்குக் காரணமாக நிற்பதுபோல் படுகிறது. உள்ளூர்க்காரர், நம் பக்கத்து ஊர், சொந்தபந்தத்தில் ஒருவர் சொல்லி அனுப்பியவர் என்பதற்காக விசாரணையே இல்லாமல் சேர்க்கப்பட்ட ஆளும் அதே காப்பகத்தில் இருக்கக்கூடும். கேட்பதானால் ஆயா, காவலாளி, வேன் ஓட்டுநர் எல்லாருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஆதரவற்ற சிறுவர்களுக்குக் காப்பகம் நடத்துகிறேன். ஊராரின் நன்கொடையில்தான் அடுப்பு எரிகிறது. அதிகாரிகள் வந்தால் பதிவேடு, கேமரா, சான்று என்று குடைகிறார்களே தவிர, ஒரு மூட்டை அரிசிக்கு வழி செய்வதில்லை. சேவை செய்பவர்களை இப்படி நெருக்குவது நியாயமா?
– வாசகர், இராசிபுரம்

உங்கள் மனக்குறையில் ஒரு பாதி நியாயமானது. பல துறைகளுக்கு ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டியிருப்பதும், சிறிய காப்பகங்களால் எழுத்தர் ஒருவரை வைத்துக்கொள்ள முடியாததும் உண்மையே. மறுபாதியை என்னால் ஏற்க இயலவில்லை.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் எழுந்து ஓட வழியின்றி இறந்தார்கள். அதை நடத்தியவர்களும் தாங்கள் பராமரிப்பு வழங்குவதாகவே சொல்லிக்கொண்டார்கள். நம் பக்கத்துக்கு வருவோம். 2014 ஜூனில் பொள்ளாச்சியில் தனியார் விடுதி ஒன்றில் தங்கியிருந்த இரு சிறுமியர் இரவில் வெளியாள் ஒருவரால் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். அதே ஆண்டில்தான் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரின் உரிமம், காவலாளி, கேமரா ஆகியவை அதன் பிறகே கட்டாயமாயின. 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியில் ஒரு காப்பகத்தில் உண்ட உணவால் மூன்று சிறுவர்கள் இறந்தார்கள்; அந்தக் காப்பகத்தை மூட அரசு உத்தரவிட்டது. உங்களை எரிச்சலூட்டும் பதிவேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் பின்னால் இப்படியொரு நிகழ்ச்சி இருக்கிறது.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி பதிவில்லாமல் குழந்தைகள் காப்பகம் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆய்வுக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது, ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உட்பட மூவருக்குக் குறையாமல் வர வேண்டும் என்பது அதே சட்டம். குழு முறைப்படி வருவதில்லை என்றால் அதை எழுத்தில் கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு; நேர்மையாக நடத்துபவருக்கு ஆய்வுக் குறிப்பைப்போல் பாதுகாப்பு வேறில்லை.

அப்பாரு (தாத்தா) படுக்கையில் இருக்கிறார். ஏஜென்சி மூலம் ஆண் நர்ஸ் ஒருவரை வீட்டோடு அமர்த்தியிருக்கிறோம். ஏஜென்சிக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அவர்களுடைய முன்வரலாற்றைச் சரிபார்க்காமல் பணியில் அமர்த்தக்கூடாது என்று அது சொல்கிறது. வாசலில் நிற்பவருக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, வீட்டுக்குள் பெரியவரைக் குளிப்பாட்டி மருந்து கொடுப்பவரை அனுப்பும் நிறுவனத்துக்கு இல்லை. ஏஜென்சி காட்டும் பதிவு கடை நடத்துவதற்கான பதிவாகவோ ஜி.எஸ்.டி. எண்ணாகவோதான் இருக்கும்.

உங்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. மூத்த குடிமக்கள் சட்டத்துக்கான விதிகளில், மூத்த குடிமகன் கேட்டுக்கொண்டால் அவரிடம் வேலை செய்பவரின் முன்வரலாற்றைக் காவல்துறை விரைந்து சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அப்பாருவின் பெயரிலேயே, அவர் கையொப்பத்துடன் உங்கள் காவல் நிலையத்துக்கு மனு கொடுங்கள். ஏஜென்சி அனுப்பிய ஆள் உண்மையில் செவிலியர் படிப்பு முடித்தவரா என்பது வேறு கேள்வி. அதற்கு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் ஊசி போட அவரை விடாதீர்கள்.

பெரியம்மா இருக்கும் இல்லத்தில் ஒரு பணியாளர் கை ஓங்குவதாகப் பெரியம்மாவே சொன்னார். புகார் கொடுத்தால் அவரை இன்னும் துன்புறுத்துவார்களோ என்று வீட்டில் எல்லாரும் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பயம் இயல்பானதுதான். ஆகவே புகாருக்கு முன்னால் அவர் உடனே வந்து தங்க ஓர் இடத்தை, உறவினர் வீடானாலும் சரி, வேறு இல்லமானாலும் சரி, தயார் செய்துகொள்ளுங்கள். உடலில் காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிக் குறிப்பு எழுதி வாங்குங்கள். அடித்தது குற்றம் என்பதால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அதன் நகலை மாவட்டச் சமூக நல அலுவலருக்கும் கோட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். முதியோருக்கான உதவி எண் 14567. குழந்தைகள் தொடர்பானதாக இருந்தால் 1098, பெண்களுக்கு 181.

மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பதும் நல்லது. ஆனால் ‘விசாரித்துத் தீர்வு காணப்பட்டது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனு முடிந்துபோவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மூன்று விவரங்களைக் கேளுங்கள்: அந்த இல்லத்தில் கடைசியாக ஆய்வு நடந்த நாள், ஆய்வறிக்கையின் நகல், உங்கள் மனுவை விசாரித்த அலுவலர் யார் யாரிடம் வாக்குமூலம் வாங்கினார் என்ற விவரம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். உங்கள் பெரியம்மாவிடம் வாங்கிய வாக்குமூலம் அதில் இல்லையென்றால், விசாரணையே நடக்கவில்லை என்று மேல்முறையீட்டில் எழுதலாம்.