பெயர் வராத கதைக்கும் ஒப்பந்தம் வேண்டும்

கேள்வி: ஒலித்தொடர் வெளியிடும் நிறுவனம் ஒன்று, அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசி, நூறு அத்தியாயங்களுக்குத் துப்பறியும் கதை எழுதித் தரச் சொல்கிறது. கதைச்சுருக்கம் அவர்களுடையது. என் பெயர் வராது. என் பழைய சிறுகதைகளில் வரும் பெண் இன்ஸ்பெக்டரையே நாயகியாக வைக்கவும் கேட்கிறார்கள். கூலிக்குக் கதை எழுதுவது எழுத்தாளருக்கு இழுக்கா?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: இதில் இழுக்கு ஒன்றுமில்லை. எழுதியதற்குச் சன்மானம் கேட்கக் கூசுகிறோமே, அந்தப் பழக்கம்தான் நமக்கு இழுக்கு.

நான்சி ட்ரூ என்ற அமெரிக்கத் துப்பறியும் பெண்ணின் கதைகள் 1930-இல் வரத் தொடங்கின. அட்டையில் கரோலின் கீன் என்று பெயர் இருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. ஸ்ட்ராட்மேயர் சிண்டிகேட் என்ற நிறுவனம் சில பக்கங்களில் கதைச்சுருக்கம் கொடுக்கும். அதை நாவலாக எழுதித் தந்தவர் மில்ட்ரெட் பென்சன் என்ற பத்திரிகையாளர். முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவை. தொடக்கத்தில் புத்தகத்துக்கு 125 டாலர் கொடுத்தார்கள். ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, கிடையாது. எழுதியது தான்தான் என்று வெளியே சொல்லவும் கூடாது. பொருளாதார மந்தத்தின்போது தொகையை 75 டாலராகக் குறைத்தார்கள். அவர் எழுத மறுத்துவிட்டார். மூன்று புத்தகங்களை வேறொருவர் எழுதிய பிறகே திரும்பி வந்தார். 1980-இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த வழக்கில் நியூயார்க் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்னபோதுதான் அவருடைய பங்கு பரவலாகத் தெரியவந்தது.

அவரிடம் நான் மதிப்பது இரண்டு விஷயங்களை. பெயர் வராத வேலைதானே என்று அவர் அரைமனதாக எழுதவில்லை. அந்த நாயகியின் துணிச்சல் அவர் கொடுத்தது. கூலி குறைந்தபோது வாயை மூடிக்கொண்டு இருக்கவும் இல்லை.

நீங்கள் ஈரோட்டில் இருக்கிறீர்கள். இங்கே சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது. நம்முடைய 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாதச் சம்பள ஊழியராக இருந்து எழுதினால் முதல் உரிமை பொதுவாக முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதித் தருபவருக்கு அப்படியல்ல. உங்கள் எழுத்து உங்களுடையது. நீங்கள் எழுத்து மூலம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். எத்தனை காலத்துக்கு என்று தாளில் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த எல்லைக்குள் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒப்பந்தங்களில் ‘எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்ற வரி வருகிறது. அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. அதற்கு ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று தொகை கூட வேண்டும்.

பணம் எப்போது வரும் என்பதையும் பாருங்கள். ‘வெளியான பிறகு’ என்று இருந்தால் அடித்துவிட்டு, ‘அத்தியாயத்தை ஒப்படைத்த இத்தனை நாளுக்குள்’ என்று எழுதச் சொல்லுங்கள். அவர்கள் தொடரையே கைவிட்டாலும் உங்கள் உழைப்பு முடிந்துவிட்டதல்லவா? முன்பணம் கேளுங்கள். திருத்தம் எத்தனை முறை என்று வரையறுங்கள். இல்லையென்றால் நாற்பதாவது அத்தியாயத்தில் இருக்கும்போது மூன்றாவது அத்தியாயம் திரும்பி வரும். தொலைபேசியில் பேசி முடித்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

வேலையை ஏற்றபின் உங்கள் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் வயது, ஊர், பேச்சு வழக்கு, தழும்பு எந்தக் கையில் என்பது வரை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். சொன்ன தேதியில் கொடுங்கள். கொலையாளியை அவர்கள் மாற்றச் சொன்னால், கதை எங்கே உடையும் என்று ஒருமுறை விளக்குங்கள். பிறகும் வேண்டும் என்றால் மாற்றிக் கொடுங்கள். கதை அவர்களுடையது.

அந்தப் பெண் இன்ஸ்பெக்டரை மட்டும் இந்த ஒப்பந்தத்துக்குள் கொண்டுவராதீர்கள். அவர் நீங்கள் ஏற்கெனவே படைத்தவர். உரிமையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், நாளை அவரை வைத்து நீங்களே ஒரு சிறுகதை எழுத அவர்களிடம் அனுமதி கேட்க நேரலாம். புதிதாக ஒரு நாயகியை உருவாக்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள். அவரேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், தனி ஒப்பந்தம் கேளுங்கள்: ஒலி வடிவத்துக்கு மட்டும், ஐந்து ஆண்டுக்கு மட்டும், ராயல்டியோடு, உங்கள் பெயரோடு.