கொரோனர்: கிரினில் தொடங்கினால் அப்படித்தான் இருக்கும்

"கொரோனரின் கிரின் ஆல்பம் வாங்கினேன், இதில் த்ராஷே (அதிவேக மெட்டல்) இல்லையே, அடுத்து ஒன்றுதான் வாங்க முடியும், எதை வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். 1993-இல் வந்த அந்த ஆல்பத்தில் இந்த சுவிஸ் மெட்டல் குழுவினர் வேகத்தைக் குறைத்து, கனமான க்ரூவ் (திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டு) பக்கம் போய்விட்டார்கள். மெகாடெத்தின் த்ராஷ் ஆல்பமான ரஸ்ட் இன் பீஸ் பிடித்த உங்களைப் போன்றவர் தொடங்கவேண்டிய இடம் அதுவல்ல.

1989-இன் நோ மோர் கலர் வாங்குங்கள். சுமார் 35 நிமிடம்தான். முதல் பாட்டு 'டை பை மை ஹேண்ட்'டிலேயே டாமி வெட்டர்லியின் கிட்டார் ஆளைப் பிடித்து இழுத்துவிடும். மொத்தம் மூன்றே பேர், ஒரே கிட்டார். ஆனாலும் சத்தம் மெலியவில்லை என்றால் ரான் ராய்ஸின் பேஸ்தான் காரணம். பாடுவதும் அவரேதான், மனுஷன்!

மென்டல் வோர்டெக்ஸ்தான் (1991) உச்சம் என்று பலர் சண்டைக்கு வருவார்கள். ஒலி அதில் இன்னும் தெளிவு, பாடல்களில் மூச்சுவிட இடம் உண்டு, கடைசியில் ஒரு பீட்டில்ஸ் பாட்டுகூட வாசித்திருக்கிறார்கள். இருந்தாலும் என் ஓட்டு நோ மோர் கலருக்கே. முதல் ஆல்பமான ஆர்.ஐ.பி.யை அப்புறம் பார்க்கலாம். கிரினை மட்டும் இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள். மென்டல் வோர்டெக்ஸ் கேட்ட பிறகு இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.