பழைய காரை டிராக்குக்குக் கொண்டுபோகும் முன்: எதற்குச் செலவு செய்வது?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் ஹோண்டா சிட்டி இசட்எக்ஸ் இருக்கிறது. செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒருநாள் டிரைவிங் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். காலையில் வண்டியைப் பரிசோதித்து, தேறினால்தான் உள்ளே விடுவார்களாம். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் உயரம் குறைக்கும் ஸ்பிரிங், அகலமான அலாய் வீல், நாலு முனை பெல்ட் என்று 65,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் வேண்டுமா சார்?
– தாம்பரம் வாசகர்

பதில்: வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பது எதுவும் பரிசோதனையில் தேற உதவாது. நாலு முனை பெல்ட் உங்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம். அதற்கேற்ற சீட்டும் உள்ளே இரும்புக் கூண்டும் இல்லாத வண்டியில் அந்த பெல்ட் உடம்பை நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் கூரை நசுங்கும் இடத்தில் தலை இருக்கும். கம்பெனி கொடுத்த மூன்று முனை பெல்ட் கிழிசல் இல்லாமல், சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொண்டால் போதும்.

பரிசோதிப்பவர்கள் உங்கள் வண்டியின் வேகத்தைப் பார்ப்பதில்லை. நிற்குமா, சொன்ன பக்கம் திரும்புமா, எதையாவது ஒழுக விடுமா, எதுவும் கழன்று விழுமா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் பணமும் அந்த வரிசையிலேயே போகட்டும்.

முதலில் பிரேக் ஆயில். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடு தேய்ந்ததைக் கண்ணால் பார்த்துவிடலாம், ஆயில் கெட்டது வெளியே தெரியாது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலை டாட் 3, டாட் 4 என்று தரம் பிரித்து விற்பார்கள். தரவிதிப்படி டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 இருந்தாலே போதும் என்கிறது அதே விதி. டாட் 4-க்கு இவை 230, 155. 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தும்போது, 40-ல் வரும்போது எழுவதைப் போல ஒன்பது மடங்கு வெப்பம் எழுகிறது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இதைத் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். மிதித்த பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வாரம் முன்பே பழையதை முழுக்க வெளியேற்றி, சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிட வேண்டாம். அது சிலிக்கான் வகை, உங்கள் வண்டிக்கு ஆகாது.

பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பில் தரும் கடையில் வாங்குங்கள், போலி பேடு ஏராளமாகப் புழங்குகிறது. புது பேடை முந்தின நாள் மாட்டிக்கொண்டு போகாதீர்கள், டிஸ்க்கோடு பழக அதற்குச் சில நாள் ஓட்டம் வேண்டும். பின்னால் ட்ரம் பிரேக் என்பதால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. திறந்து சிலிண்டரில் கசிவு உண்டா என்று பாருங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்கள் வண்டியோடு வந்தவை என்றால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

அடுத்து, வண்டியை ஜாக்கியில் தூக்கி ஒவ்வொரு வீலையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடவலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனை. தாம்பரம் பக்கத்து வண்டி என்பதால் ஒன்றைக் கேட்கிறேன்: 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது நின்றதா? முதல் ஓனரிடம் விசாரித்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்த பேரிங்கில் கிரீஸ் கெட்டிருக்கும். ஷாக் மேல்முனை, லோயர் ஆர்ம் மாட்டும் இடம் ஆகியவற்றில் துரு தின்றிருந்தால், அதைச் சரிசெய்யாமல் டிராக்குக்குப் போகவே வேண்டாம்.

ஆயில் கசிவுக்கு மன்னிப்பே கிடையாது. உங்கள் வண்டி சிந்தும் ஆயிலில் வழுக்கப்போகிறவர் பின்னால் வருகிறவர். இன்ஜினைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டி, ஈரம் எங்கே திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

பேட்டரி கிளாம்ப்பையும் பாருங்கள். பேட்டரியை சைக்கிள் டியூபால் கட்டிவைத்திருந்த ஒரு வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சின்னக் கிளாம்ப் ஒன்று போட்டிருந்தால் அவருக்கு அந்த ஒரு நாள் போயிருக்காது. டிரைவர் பக்கத்து மிதியடி, தண்ணீர் பாட்டில், டிக்கியிலுள்ள ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் காலையிலேயே இறக்கிவிடுங்கள். வீல் நட்டை டார்க் ரென்ச் (எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து 108 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். பங்க்சர் கடையில் ஏறி மிதித்து முடுக்குவது அளவே இல்லை.

ஹெல்மெட் வாங்கும் முன் பயிற்சி நடத்துபவரிடம் எந்தத் தரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். சிலருக்கு ஐஎஸ்ஐ முத்திரை போதும், சிலர் ஸ்நெல் என்ற வெளிநாட்டுத் தரமுத்திரை கேட்பார்கள். ஸ்நெல்லிலும் எஸ்ஏ என்று முத்திரை உள்ளது கார் பந்தயத்துக்கானது, தீயைத் தாங்கும் சோதனையும் அதற்கு உண்டு. எம் என்பது பைக்குக்கானது.

டயர் மாற்ற நேர்ந்தாலும் இவை எல்லாம் சேர்ந்து அந்த 65,000-ஐத் தொடாது.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பழைய டயர் என்று திருப்பி அனுப்புவார்களா? புதிது வாங்கினால் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடாமல் எப்படிப் பார்ப்பது?
– அதே வாசகர்

பதில்: அனுப்பலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் இருந்தாலும், நான் டிராக்கில் ஓட்ட மாட்டேன். ரப்பர் இறுகிப் பிடிப்பு போயிருக்கும். ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியது, கூடவே கூடாது. வாங்கும்போது நான்கு டயரின் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மறுக்கும் கடையை விட்டு நகருங்கள். பழைய சரக்கைப் புதிது என்று விற்று, மாற்றித் தர மறுத்தால், அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கேள்வி: டிராக்கில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– அதே வாசகர்

பதில்: கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நம் நாட்டு வாகன பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். பயிற்சி என்பது பந்தயம் அல்லதான், ஆனால் அதை வாதாட வேண்டிய நிலை உங்களுக்கு வேண்டாம். தேதியையும் இடத்தையும் குறிப்பிட்டு கம்பெனிக்கு இமெயில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் சொல்வது செல்லாது. 2007 வண்டி என்பதால் 15 வருட ஆர்சி காலாவதி ஆகியிருக்கும். அதைப் புதுப்பித்திருக்கிறீர்களா என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள், டிராக்குக்குப் போகும் வழியும் ரோடுதானே.